இது சைவமா, மேடம்?

இந்த மாதம் மருந்து கவுண்ட்டருக்கு உள்ளே வந்து நிற்கப்போகிற உங்களுக்கு, அதைவிட்டு வெளியே வந்துவிட்ட நான் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்தேன். அதில் கடைசிப் பாதி திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில். வீடு அரக்கோணத்தில். காலை ரயிலில் ஏறி உட்கார்ந்தால், சாப்பிட்ட இட்லி செரிப்பதற்குள் மலை தெரிந்துவிடும். அப்பா ரயில்வேயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் நான் முதல் வரிசை. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அதை மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.

சரக்கு எடுப்பது, காலாவதி தேதி பார்ப்பது, ஃபிரிட்ஜில் எதை வைப்பது, இதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் ஒரே ஒரு மருந்தைப் பற்றியும் ஒரே ஒரு ஆளைப் பற்றியும் சொல்கிறேன். மருந்து அமாக்ஸிசிலின். ஆள் முனிரத்தினம், ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர்.

அமாக்ஸிசிலினை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு நிறத்தில் ஒரு கேப்சூல். காதில் சீழ், தொண்டையில் புண், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு காய்ச்சல், பல்லில் வீக்கம் என்று பாதி உலகத்துக்கு அதைத்தான் எழுதுகிறார்கள். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்பதாலேயே எல்லோரும் அதைக் கண்ட வேலைக்கும் ஏவுகிறார்கள். மூக்கு ஒழுகினால் அது, உடம்பு வலித்தால் அது. ஒரு வீட்டில் ஐந்து பேருக்கும் இருமல் என்று, ஒருத்தருக்கு எழுதின பத்து கேப்சூலை ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். "ஒருத்தரே துன்னுட்டா மத்தவங்களுக்கு இன்னா கீது மேடம்?" என்று அந்த வீட்டம்மா என்னிடம் நியாயம் கேட்டார். அந்தக் குடும்பப் பாசத்தை மெச்சுவதா, திட்டுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். பிறகு திட்டினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் என்றைக்கும் தவறியதில்லை. "முன்னாடி இந்த மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிப்பு வந்திருக்கா? மூச்சு இழுத்திருக்கா? பென்சிலின் ஊசி போட்டு மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்காமல் ஒரு கேப்சூலையும் கையைவிட்டு விட்டதில்லை. டாக்டர் கேட்டிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் கேட்டபோது "இல்லை" என்று சொன்னவர்கள், என்னிடம் வந்து, "ஆங், ஒருவாட்டி மூஞ்சியெல்லாம் வீங்கிச்சி" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதில் எனக்கு ஒரு பெருமையே உண்டு. முனிரத்தினத்திடமும் கேட்டேன். அவர் இல்லை என்றார். என் கேள்விக்கு அவர் பதில் சொன்னார். அவர் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கதை இவ்வளவுதான். ஆனாலும் முழுசாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இன்னொருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மருந்து ஜன்னலுக்கு எதிரே, வராந்தாவைக் கடந்தால் சித்த மருத்துவப் பிரிவு. அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முதல் ஒரு வருஷம் எங்களுக்குள் பேச்சே கிடையாது. அந்த அறையிலிருந்து வருகிற கஷாய வாசனையே எனக்குப் பிடிக்காது. அவருக்கு என் சத்தம் பிடிக்காது. எங்களைச் சேர்த்துவைத்தது சளிதான். மழைக்காலத்தில் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு ஒரு கூட்டம் என் ஜன்னலில் மல்லுக்கு நிற்கும். "எழுதாம நான் தரமாட்டேன், இதுக்கு அது வேலையும் செய்யாது" என்று நான் கத்துவேன். ஒருநாள் அவர் வராந்தாவைக் கடந்து வந்தார். "வெறுங்கையோட அனுப்புறதாலதான் சண்டை போடறாங்க. என்கிட்ட அனுப்புங்க" என்றார்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. டாக்டர் பார்த்து இது வெறும் சளி என்று சொன்ன ஆட்களை நான் எதிர் அறைக்குக் கைகாட்டுவேன். அங்கே ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம், வெந்நீரில் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். தொண்டைக் கரகரப்புக்கு உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர்க் கொப்பளிப்பு. ஆறாத சின்னப் புண்ணைக் கழுவத் திரிபலா கஷாயம். பல் கூச்சம், ஈறு வீக்கத்துக்குக் கிராம்பு, வேலம்பட்டைப் பொடி. நான்கு நாளில் சளி தானாகப் போகும், ஜனங்களும் மருந்து சாப்பிட்ட திருப்தியில் போவார்கள். அந்த வழக்கம் எதிர்ப்பக்கமும் ஓடியது. மூன்று நாள் தாண்டிய காய்ச்சல், சீழ், மூச்சு வாங்கும் குழந்தை என்றால் அவர் தன் அறைக்குள்ளேயே விடமாட்டார். எழுந்து, தானே கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிடுவார். ஒருமுறை நான் கிண்டலாக, "ஏன், உங்க மஞ்சளுக்குக் கிருமியைக் கொல்லத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும். எவ்ளோ பெரிய கிருமிப் படையை எவ்ளோ நேரத்துலன்னு எனக்கும் தெரியணும்ல" என்றார். அதற்குப் பிறகு கிண்டல் செய்வதை நான் நிறுத்திக்கொண்டேன்.

இனி முனிரத்தினம்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருந்தது. திருத்தணியில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், அந்தக் கூட்டத்தை நீங்களே பார்ப்பீர்கள். ஊர் முழுக்க மஞ்சள் துணி, பூக்காவடி, பம்பைச் சத்தம். ஓ.பி.யில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆட்கள். கால் கொப்புளம், வெயில் மயக்கம், வயிற்றுப்போக்கு என்று வரிசை, வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் போகும். அந்த வரிசையில் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார். கடைவாய்ப் பல்லில் சீழ். அமாக்ஸிசிலின் ஐந்து நாளைக்கு, மூன்று நாள் கழித்துப் பல் டாக்டரிடம் வரவும் என்று சீட்டில் எழுதியிருந்தது.

நான் என் பெருமைமிக்க கேள்வியைக் கேட்டேன். இல்லை என்றார். கேப்சூலை எண்ணி உறையில் போட்டேன். "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். நடுவுல நிறுத்தக் கூடாது." அவர் நகரவில்லை.

"மேடம், இது சைவமா?"

"மருந்துக்கு ஏதுங்க சைவமும் அசைவமும்? வாங்கிகினு நகருங்க, பின்னாடி எவ்ளோ பேர் நிக்கிறாங்க."

"இல்ல மேடம், மாலை போட்டுகினு கீறேன். அதான் கேட்டேன்."

"அடுத்து யாரு?" என்றேன் நான்.

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். பிறகு உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். கண்ணில் ஒற்றிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கேப்சூலின் கூடு எதிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டு எலும்பும் தோலும். செடியிலிருந்து எடுத்த கூடும் இப்போது உண்டு, ஆனால் எங்களிடம் இருந்தது அதுவல்ல. எனக்கு அது நன்றாகத் தெரியும், படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால், மூன்றாவது தட்டில், குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற அதே அமாக்ஸிசிலின் மாத்திரை இருந்தது. கூடு இல்லாதது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு அளவைச் சரிசெய்து மாற்றிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. விரதத்தில் இருக்கிறவர் ஒரு வேளைதான் சாப்பிடுவார். அவரிடம் போய் மூன்று வேளை சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் அவர் எந்தச் சாப்பாட்டை எண்ணுவார்? இந்த மருந்தைச் சாப்பிடாமலும் போடலாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். சித்த மருத்துவ டாக்டரம்மா வராந்தாவின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். அவர் சத்தமாகக் கூப்பிடுகிறவர் கிடையாது. நான் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினேன்.

உள்ளே ஸ்டூலில் முனிரத்தினம். முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்திருந்தார். எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, மாலை அந்த வீக்கத்தில் பதிந்து கிடந்தது. பேசினால் வாயில் சுடுசோறு வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. பக்கத்தில் அவர் மனைவி ரேவதி.

"மூலிகை வைத்தியம் பார்த்துக்கலாம்னு இங்க இட்டாந்தேன்மா," என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தார். "கிராம்பு வச்சோம், உப்புத் தண்ணி கொப்பளிச்சாரு. அந்த மாத்திரையையும் வச்சிகினுதான் கீறாரு."

"வச்சிகினுன்னா?" என்றார் டாக்டரம்மா.

"அந்தக் கூடு மாட்டு எலும்புல செய்யறதாமே. வெளிய டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு. மாலை போட்டுகினு அத்தப் போயி எப்பிடிங்க முழுங்கறது? அதான் பிரிச்சி, கூட்டத் தூக்கிப் போட்டுட்டு, உள்ள கீற பவுடர பல்லு மேல வச்சிகினாரு. ராத்திரிக்கு ஒண்ணு."

நான் கதவோரமாக நின்றேன். ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்து, "இவங்கதான் குடுத்தாங்க. இவங்களத்தான் மொதல்ல கேட்டாரு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அது என்னை அதிகமாகக் குத்தியது.

வெளியிலிருந்து பொடியை அப்பினால் எலும்புக்கு அடியில் இருக்கிற சீழுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அது எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? புண்ணின் மேல் கேப்சூல் பொடியைத் தூவுகிறவர்களை நான் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சாமிக்குப் பயந்து கூட்டை மட்டும் நீக்கிவிட்டு, மருந்தை விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் மருந்தை மதித்தார். மாலையையும் மதித்தார். இரண்டையும் சேர்த்து மதிக்கத் தனக்குத் தெரிந்த வழியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார், ஏனென்றால் நான் வழி சொல்லவில்லை.

டாக்டரம்மா அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "ஐயா, என்கிட்ட இதுக்கு மருந்து கிடையாது. இருக்குன்னு சொன்னா நான் உங்களக் கொன்ன மாதிரி. வீக்கம் தொண்டைக்கு எறங்குது. மூச்சுக்குழாயை அடைக்கும். எழுந்திருங்க, நான் கூட வர்றேன்." அவர் கையைப் பிடித்து எழுப்பி, வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். கஷாயம் விற்கிறவர் என்று நான் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவர். தன் மருந்தால் முடியாது என்று இவ்வளவு பளிச்சென்று சொல்ல எனக்கு அன்றுவரை தெரியாது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். பார்த்த உடனேயே அவர் முகம் மாறிவிட்டது. முதல் ஊசியை இங்கேயே போட்டு, ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்ப வேண்டும், அங்கே கழுத்தைத் திறந்து சீழை எடுக்க வேண்டியிருக்கும், வழியிலேயே மூச்சு அடைக்கலாம் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஆனால் முனிரத்தினம் படுக்கையில் ஏறவில்லை. கையை ஆட்டினார். துண்டை எடுத்துவிட்டு, தெளிவில்லாமல், "நாளன்னிக்கு கிருத்திக. பொண்ணுக்கு வேண்டிகினது. ஊசியும் வாணா, ஒண்ணும் வாணா" என்றார்.

ரேவதி எங்களுக்கு எடுத்துச் சொன்னார். போன வருஷம் அவர்களுடைய எட்டு வயது மகளுக்கு டெங்கு. இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லையாம். பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன் என்று இந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறார். "நைனா சாமிக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு பொண்ணு வேற சொல்லி அனுப்பிகிது," என்றார்.

டாக்டர் என் காதருகே வந்து, "மேடம், எல்லாம் சைவம்தான்னு சொல்லி ஏத்துங்க. உயிர் போற நேரம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நீங்களும் இப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள். பொய் ஒன்று கையில் தயாராக இருக்கும், அது வேலையும் செய்யும் என்று தோன்றும். எனக்கும் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஐந்து நாளைக்கு முன்னால் நான் இவரை ஏய்த்து அனுப்பியவள். சென்னை போய்ச் சேர்ந்ததும் யாராவது ஒருவர் அது இது என்று சொல்லி, இவர் ஊசிக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டால்? என்னை இனி நம்பமாட்டார் என்பது போகட்டும். யாரையுமே நம்பமாட்டார்.

ஊசி மருந்தின் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தேன். அவர் கண்முன்னால் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படித்தேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான் சொல்லியிருக்கணும். அந்தக் கூடு மாட்டுலேர்ந்து வர்றதுதான். கூடு இல்லாத மாத்திரை என் பின்னாடியே இருந்துச்சு. எடுத்துக் குடுக்கல. தப்பு என்னுது, மன்னிச்சிடுங்க. இந்த ஊசியில அந்த மாதிரி எதுவும் இல்ல. மெட்ராஸ்ல இன்னா மருந்து போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அங்க எல்லாம் சைவம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு மருந்துக்கும் நீங்க கேட்கலாம். அதுக்கு நான் சீட்டு எழுதித் தரேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, வலியாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. பிறகு கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினார். இதை என்ன செய்வது என்று கேட்கிறார். கழுத்தைத் திறக்கும்போது மாலை அங்கே இருக்க முடியாது. காவடி செலுத்தாமல் கழற்றவும் கூடாது.

டாக்டரம்மாதான் ரேவதியைப் பார்த்து, "கழட்ட வேணாம்மா. நீயே எடுத்து அவர் கையில சுத்திவிடு. கையில இருந்தாலும் போட்டிருக்கிற மாதிரிதானே" என்றார். ரேவதி கணவரைப் பார்த்தார். அவர் தலையை மெதுவாக அசைத்தார். அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வீக்கத்தில் பதிந்திருந்த மாலையை ஒவ்வொரு மணியாக விடுவித்து எடுத்து, இடது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றினார். "காவடிய நான் தூக்குறேன். நீ போய் வா" என்றார். அதன் பிறகுதான் அவர் கையை நீட்டினார். வலது கை, ஊசிக்காக.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சீட்டை எழுதினேன். அங்கே மருந்து கொடுக்கப்போகிற, எனக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு. "இவர் விரதத்தில் இருக்கிறார். கேப்சூலுக்குப் பதில் வேறு இருந்தால் தரவும். இவரால் பேச முடியாது. சீட்டைக் காட்டிக் கேட்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்லவும்." அதைவிட நன்றாக எழுத எனக்கு வரவில்லை.

வண்டி போனதும் டாக்டரம்மாவிடம், "அன்னிக்கு வரிசை ரொம்ப நீளமா இருந்துச்சு" என்றேன். நியாயம் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். "வரிசை எப்பவும் நீளமாத்தான் இருக்கும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்கு மதியம் டியூட்டி முடிந்தும், ரயிலைப் பற்றிய நினைப்பே இல்லாமல் மருந்துக் கிடங்குக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

கிருத்திகை அன்று எனக்கு டியூட்டி. மலைமேலிருந்து அரோகரா சத்தம் விடியற்காலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஒரு பூக்காவடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அதன் கீழே ரேவதி, பக்கத்தில் மகள். கொதிக்கிற தார் ரோட்டில் செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, காவடியைத் தோளிலிருந்து இறக்காமலேயே, "கொரவளையில ஓட்ட போட்டு கொழா வச்சி கீறாங்க மேடம். உசுரு கீது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். என் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவர் காலில் ஊற்றினேன். அந்தப் பெண் மலைப்பக்கம் திரும்பி நடந்தார்.

அவர் மருந்தைச் சரியாக விழுங்கியிருந்தால் இதெல்லாம் வந்தே இருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பல்லைப் பார்த்துச் சீழை வெளியேற்றாமல் வெறும் கேப்சூலால் ஆகாத கேஸ்களும் உண்டு. மூன்றாம் நாள் பல் டாக்டரிடம் வந்திருக்க வேண்டும், கூட்டத்தில் அதையும் விட்டுவிட்டார். ஆனால் என் பங்கு எது என்று எனக்குத் தெரியும். அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

தை மாதக் கிருத்திகைக்கு அவரே வந்தார். மெலிந்திருந்தார். தொண்டைக் குழியில் ஒரு தழும்பு, தாடைக்குக் கீழே இரண்டு. குரல் கரடுமுரடாக, காற்றில் பாதி கலந்து வந்தது. அவர்கள் தெருவிலேயே பெரிய குரல் அவருடையதாம், தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்குமாம். படி ஏறும்போது அவர் அரோகரா சொல்ல வாயைத் திறந்தால் மகள் முந்திக்கொண்டு கத்தினாளாம். அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் வரவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார். நான் எழுதின சீட்டு. மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க யாரோ ஒருவரின் சின்னச் சின்னக் கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் ஒரு மருந்தின் பெயர், பக்கத்தில் நீலப் பேனாவில்: "கேட்டார். இல்லை என்றேன்." "கேட்டார். விசாரித்துச் சொன்னேன், இல்லை." "கேட்டார். இருக்கிறது, மாத்திரையாக மாற்றிவிட்டேன்." கடைசி வரியில்: "கேட்டார். இதில் உண்டு என்றேன், இப்போதைக்கு மாற்று இல்லை என்றும் சொன்னேன். யோசித்தார். கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்."

அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். கூட்டில் மாடு இருக்கிறது என்று தெரிந்தே, அவரே முடிவு செய்து விழுங்கியிருக்கிறார். அந்த முடிவை எடுக்கத் தெம்பு இருந்த மனிதரிடம்தான் நான் "அடுத்து யாரு" என்றேன். அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதினவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது அவர் மேலதிகாரியாக இருக்கலாம். இருந்தால், சீட்டு பத்திரமாக என்னிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

சித்த மருத்துவ டாக்டரம்மா மாறுதலாகிப் போய்விட்டார். போகும்போது என் மேசையில் ஒரு புட்டி ஆடாதோடை மணப்பாகை வைத்துவிட்டு, "கத்திக் கத்தித் தொண்டை கட்டினா குடிங்க" என்றார். குடித்தேன். நன்றாகவே கேட்டது.

நான் ஓய்வு பெற்ற அன்று காலையில் வழக்கம்போல ஜன்னலைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் சீட்டை வாங்கிப் பார்த்தேன், மூட்டுவலிக்காக டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதியிருந்தார். எண்ணி உறையில் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கரகரத்த குரலில், முகத்தில் ஒரு சிரிப்போடு கேட்டார்:

"இது சைவமா, மேடம்?"

பின்னால் யாரோ "ஜல்தியா ஆவட்டும்யா" என்றார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவருக்குக் கேட்கும்படி படித்துக் காட்டினேன்.

"சைவம்தாங்க" என்றேன்.

"ஆங்" என்று உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அன்றைக்கும் வரிசை நீளமாகத்தான் இருந்தது.